பந்தலின் பின்பக்கம்

மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. அன்றும் அதற்கு முந்தின இரவிலும் நிலா எழும்பும்போது ஏறக்குறைய விடிந்துவிடும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு சிவாலய ஓட்டம் ஓடுவது இந்த இருட்டில்தான். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்கள். தூரம் 110 கிலோமீட்டர் என்பார்கள். கையில் பனையோலை விசிறி, திருநீற்றுக்கு ஒரு துணிப்பை, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் விஷ்ணுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுகிற அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வழியெங்கும் பந்தல்கள். சுக்குக்காப்பி, மோர், பானகம், கஞ்சி என்று ஊர்க்காரர்கள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நாலு இரும்புக் குழாய், மேலே ஒரு தார்ப்பாய், நாலு மூலையிலிருந்தும் இழுத்துக் கட்டிய கயிறு. ஒன்று ரப்பர் மரத்துக்குப் போகும், ஒன்று மைல்கல்லுக்கு, மற்ற இரண்டும் ரோட்டோரத்து மண்ணில் அறைந்த முளைகளுக்கு. ஓடி வருகிறவர் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வருகிறார், குடிக்கிறார், வாயைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்திலிருந்து மறுபடி இருட்டுக்குள் போகிறார். அந்த முதல் பத்தடியில்தான் கயிறு இருக்கிறது.

கூடாரக் கயிறு தட்டி விழுவதை நம்மில் யாரும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுவதில்லை. விழுந்தவரைத் தூக்கிவிட்டு, “பாத்து வரப்பிடாதா?” என்று கேட்டுவிடுகிறோம். விழுந்தவரும் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுகிறார். பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்த்து வரச் சொல்வது என்ன நியாயம் என்ற கேள்வி எனக்கு வெகுகாலமாக உண்டு. கயிற்றைக் கட்டியவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் இருட்டிலும் காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடுவார். அவர் ஒருநாளும் விழுவதில்லை என்பதாலேயே அந்தக் கயிறு அவர் கண்ணில் ஒரு குறையாகப் படுவதில்லை.

மலையேறப் போகிறவர்களின் முகாம்களில் இதற்கென்று ஒரு சிறு அறிவுத்துறையே இருக்கிறது. எந்த நிறக் கயிறு, எவ்வளவு கனம், எங்கே முளை என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட முகாம்கள் அபூர்வம். ஆனால் ஜனங்கள் திரளாகத் திறந்தவெளியில் தங்கும் இடம் என்று பார்த்தால் மண்டைக்காடு போல வேறெது? மாசிக் கொடையின் பத்து நாளும் கடற்கரையை ஒட்டிய அந்த மணலிலும் தென்னந்தோப்புகளிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். கேரளத்திலிருந்து இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுகிறார்கள், மண்டையப்பம் அவிக்கிறார்கள், விரித்துப் படுக்கிறார்கள். ஆறாம் நாள் நள்ளிரவு வலியபடுக்கை, பத்தாம் நாள் ஒடுக்கு பூஜை என்று முக்கியமான பூசைகள் இரண்டுமே இராத்திரியில். சுற்றிலும் வளையல் கடை, பாத்திரக் கடை, ஈத்தம்பழக் கடை. ஒவ்வொன்றுக்கும் தார்ப்பாய், ஒவ்வொரு தார்ப்பாய்க்கும் நாலைந்து கயிறு. அடுத்தடுத்த இரண்டு கடைகளின் கயிறுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இடுக்கில்தான் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்.

கன்னியாகுமரியில் ஐயப்ப சீசனுக்குப் போடுகிற சீசன் கடைகள், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடைகள், நாகராஜா கோவில் தைத் திருவிழா என்று எங்கு போனாலும் இதே காட்சிதான். சாமி வேறு, கயிறு ஒன்று.

பழைய பந்தலுக்கு இத்தனை கயிறு வெளியே நீண்டதில்லை. இரண்டு அடி ஆழக் குழி தோண்டிக் கமுகங்கால் நாட்டுவார்கள். மேலே மூங்கில் பரப்பி, முடைந்த தென்னோலை வேய்ந்து, சூடிக்கயிற்றால் கட்டுவார்கள். கயிறெல்லாம் மூட்டுகளிலேயே முடிந்துவிடும். கால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓலைக் கூரையின் இடுக்குகளில் காற்று புகுந்து போய்விடும். இன்று கோவில் முற்றங்களில் கல் பாவிவிட்டார்கள், தெருவெல்லாம் கான்கிரீட், பள்ளிக்கூட மைதானத்தில்கூடப் பேவர் பிளாக். குழி தோண்ட வழியில்லை. இரும்புக் குழாயை ஒரு தகட்டின் மேல் வெறுமனே நிறுத்துகிறார்கள். கூரை தார்ப்பாய், அல்லது துணி. கனமில்லை, காற்றும் புகாது. ஒரு நல்ல வீச்சு வந்தால் படகுப் பாயைப் போல உப்பிக்கொண்டு குழாயோடு கிளம்பிவிடும். அதைக் கீழே பிடித்துவைக்கத்தான் எல்லாப் பக்கமும் கயிறு. தரை இறுகியது, கூரை லேசானது. இந்த இரண்டு மாற்றங்களின் பாரமும் நடந்து போகிறவர்களின் காலில் வந்து விழுந்திருக்கிறது.

காற்று நம் ஊரில் சாதாரணக் காற்று அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வாய் திறந்து நிற்கிறது. மூவேந்தர்களும் வந்து கூட மூன்று பந்தல் போட்டதாக ஊர்க்கதை சொல்லும் முப்பந்தலில் இன்று கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள். அந்தக் காலத்துப் பந்தல்காரர்கள் அந்தக் காற்றில் எப்படிக் கால் நாட்டினார்களோ என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோன்றும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நாலு மடங்காகும். ஆகவே கயிற்றை அவிழ்த்து எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவிழ்த்தால் கூரை ஜனங்கள் தலையில் இறங்கும். கயிறு வேண்டும். அது எங்கே, எப்படி, யார் கண்ணுக்குத் தெரியும்படி என்பதுதான் பேச்சு.

கயிறும் மாறிவிட்டது. தேங்காய்நார்க் கயிறு விரல் கனத்தில் சிலும்பிக்கொண்டு இருக்கும். காலில் பட்டால் உறுத்தும், நின்றுவிடலாம். நைலான் அதே பாரத்தை மிகக் குறைந்த கனத்தில் தாங்குகிறது. நீலம், கரும்பச்சை, சிலசமயம் கறுப்பு. வலு கூடக் கூடக் கயிறு மெலிந்தது, மெலிய மெலியக் கண்ணிலிருந்து மறைந்தது. மழை பட்டால் நார்க்கயிறும் பருத்திக் கயிறும் சுருங்கி விறைக்கும், நைலான் நனைந்தால் கொஞ்சம் நீண்டு தொய்யும். தொய்ந்த கயிறு மோசமானது. விறைத்த கயிறு காலைத் தடுக்கும், தொய்ந்தது காலைச் சுற்றும்.

இதையெல்லாம் விட மோசம், செலவு மிச்சம் என்று சிலர் கட்டுகிற ஜி.ஐ. கம்பி. மெல்லியது, சாம்பல் நிறம், பிரிந்த முனை கத்தி மாதிரி கிழிக்கும், மின்சாரமும் கடத்தும். சீரியல் பல்பு வயர் ஒரு இடத்தில் தோல் உரிந்து இந்தக் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தால் பந்தலே பொறியாகிவிடும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர்க் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று நம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நாலு பேர் போனார்கள். காரணங்கள் வேறு வேறுதான். ஆனாலும் திருவிழா இடத்தில் உலோகத்தை நீட்டிக் கட்டும் ஒவ்வொருவரும் அந்த நாலு வீடுகளை நினைத்துக்கொள்ள வேண்டும். பந்தலை இழுத்துக் கட்டக் கம்பி கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இருட்டில் கண் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் நம் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அப்படிப் பழகிய கண் ஒரு டியூப்லைட்டைப் பார்த்த மாத்திரத்தில் கெட்டுப்போகும். பந்தல் முகப்பில் கண் கூசும் ஹாலஜனையும் எல்.இ.டி.யையும் கட்டிவிட்டுப் பின்பக்கத்தை இருட்டாக விடுவது, வருகிறவர் கண்ணைக் கட்டிப் பின்பக்கம் அனுப்புவதற்குச் சமம். முகப்பில் இரண்டு விளக்கைக் குறைத்து, அதில் ஒன்றைப் பின்னால் தரையைப் பார்த்தபடி வைத்தால் செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது நிறம். கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் எச்சரித்தாயிற்று என்று நினைக்கிறோம். லாரியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டுவதைப் பார்த்துப் பழகிய வழக்கம் இது. பகலுக்குச் சரி. மங்கலில் நம் கண்ணின் கூம்புச் செல்கள் ஓய்ந்து குச்சிச் செல்கள் வேலைக்கு வரும். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்து எழுதினார். விடியற்காலை மங்கலில் சிவப்புப் பூக்கள் கறுத்தும், நீலமும் பச்சையும் துலங்கியும் தெரிவதை அவர் பார்த்திருக்கிறார். சாயங்காலம் செம்பருத்திச் செடியை நின்று பார்த்தால் நமக்கும் தெரியும், இலைக்கு முன்னால் பூ இருட்டிவிடும். ஆக, இரவில் கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி ஒரு கறுப்புத் துணி. வெள்ளைதான் வேண்டும்.

மூன்றாவது, இப்போது எல்லாரும் சொல்லும் ‘ரேடியம்’. ஒளியைத் திருப்பி அனுப்பும் இழை கோத்த கயிறு கடையில் கிடைக்கிறது, ஒட்டுகிற ஸ்டிக்கரும் கிடைக்கிறது. நல்ல பொருள், சந்தேகமில்லை. மயிரிழைப் பருமனே உள்ள கண்ணாடி மணிகள் விழுந்த வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். வந்த வழியே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சில பாகைக்கு மேல் விலகினால் அந்த வெளிச்சம் கிடைக்காது. நெற்றியில் விளக்குக் கட்டி மலையேறுகிறவருக்கு விளக்கும் கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கயிறு தீக்கோடு மாதிரி மின்னும். மோட்டார் பைக்கில் வருகிறவருக்கும் தூரத்திலேயே தெரியும். இடுப்பளவில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றடி தள்ளிப் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய ஒன்றும் மின்னாது. சிவாலய ஓட்டக்காரர் கையில் இருப்பது விசிறி, டார்ச் அல்ல. மண்டைக்காட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற அம்மாவின் கையிலும் விளக்கு இல்லை. விளக்கு வைத்திருப்பவருக்காகச் செய்த பொருளை விளக்கில்லாதவர் நடுவில் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சாலையோரம் கட்டுகிற பந்தலுக்கு ரேடியம் கட்டாயம், வண்டிக்காரர்களுக்காக. உள்ளே, தோப்பிலும் மணலிலும், வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வழி நம்மிடம் எப்போதும் இருந்தது. ரோட்டோரப் புளியமரங்களுக்கு இடுப்பளவு வெள்ளை அடிப்பதை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ராணுவ முகாம்களில் நடைபாதை ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்புக்குப் பேட்டரி வேண்டாம், கோணம் வேண்டாம். நட்சத்திர வெளிச்சத்தைக்கூடச் சிதறவிட்டு எல்லாப் பக்கமும் காட்டும்.

இரணியல் பக்கம் ஒரு கொடைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்ச வாலை மேலே ஏற்றி வழுக்காத முடிச்சுப் போட்டார். வாலைத் தரையில் விடவில்லை. பிறகு மடியிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து, பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தார். ஒரு முழத் துண்டுகள். முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என்று கயிற்றில் முடிந்து, இரண்டு நுனியும் காற்றில் ஆடும்படி விட்டார். “எதுக்கு இம்புட்டு?” என்றேன். “நமக்குத் தெரிஞ்ச கயிறு அண்ணாச்சி. வாறவனுக்குத் தெரியாதுல்லா?” என்றார். ஆடும்படி விட்டது ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் யோசித்தபோது புரிந்தது. இருட்டில் நேராக உற்றுப் பார்க்கிற இடத்தில் நம் கண்ணுக்குக் குச்சிச் செல்களே கிடையாது. ஓரக்கண்தான் இருட்டில் பார்க்கும் கண், ஓரக்கண்ணுக்கு அசைவு சட்டென்று பிடிபடும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குருத்தோலை ஞாபகம் வரும். நம் ஊரில் குருத்தோலைத் தோரணம் இல்லாத கொடை இல்லை, கல்யாணம் இல்லை. கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு அதன் பேரிலேயே ஒரு ஞாயிறு இருக்கிறது. இளமஞ்சள் கலந்த வெண்மை, இருட்டில் தனியாகத் தெரியும், சின்னக் காற்றுக்கும் சலசலக்கும். காதும் சேர்ந்து எச்சரிக்கை பெறும். தோப்புக்குள்ளேயே கிடைக்கும், குப்பையாகியும் மண்ணோடு போகும். அத்தனையையும் முகப்பு வளைவில் கொண்டுபோய் வரிசையாகத் தொங்கவிடுகிறோம். பின்பக்கத்துக் கயிறு அம்மணமாக நிற்கிறது. தோரணம் கட்டுகிற பிள்ளைகளிடம் இழுத்துக் கட்டிய கயிறுகளுக்கும் ஒன்றிரண்டு கீற்றுக் கட்டச் சொன்னால் அரைமணி நேர வேலை. மூன்று நாளில் வாடிப் பழுத்துவிடும், பத்து நாள் கொடைக்கு இரண்டு மூன்று தரம் மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவுதான் சிரமம்.

முளைக்கும் அப்படித்தான். தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியில்தான் பெருவிரல் நகம் பெயரும். வெறுங்காலோடு வருகிற இடம் இது. மேலே விழுந்தால் கண்ணையே குத்திவிடும். ஒரு கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, சுண்ணாம்பில் முக்கி முளைத்தலையில் குத்திவைத்தால் வெள்ளையாகத் தெரியும், பட்டால் நோகாது. இந்த மாவட்டத்தில் கதம்பைக்குப் பஞ்சமா?

இதெல்லாம் ஆள் கொஞ்சமாக நடமாடும் ராத்திரிக்கு. நெருக்கமான கூட்டம் வேறு சங்கதி. கூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. பட்டப்பகலிலும் தன் காலைத் தானே பார்க்க முடியாது. அங்கே முழங்கால் உயரத்து வெள்ளைத் துணி எதற்குப் பயன்? அடையாளம் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு முளையின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கிலை நாட்டி நுனியில் வெள்ளைக் கொடி கட்டினால், தூரத்திலிருந்தே கூட்டம் தானாகப் பிரிந்து போகும். கூட்டத்தில் ஒருவர் தட்டி விழுவது ஒருவர் விழுவதோடு நிற்பதில்லை. 2005 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மாந்தர்தேவி கோவிலில், உடைத்த தேங்காய்த் தண்ணீரில் வழுக்கிய படிகளில் சிலர் விழுந்தார்கள். நெரிசலில் 250க்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. கால் இடறுவது என்ற அற்பக் காரியத்தை எண்ணி நான் பயப்படுவது இதனால்தான்.

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களைப் பாருங்கள். கை கனத்துக்கு வடம். கூடவே அதைக் கவனிக்க ஆட்கள், கத்திக் கத்தி வழி விலக்குகிறவர்கள், வடத்துக்குள் சிறுபிள்ளை நுழைந்தால் இழுத்து வெளியே விடுகிறவர்கள். கடற்கரையில் கரமடி வலை இழுக்கும்போதும் அப்படித்தான். மணலில் கயிறு ஊர்ந்துகொண்டிருக்கும். பழக்கமில்லாத ஆள் குறுக்கே வந்தால் இழுப்பவர்களில் ஒருவர், “மக்கா, கயிறு கெடக்கு, காலத் தூக்கி வையி” என்று குரல் கொடுப்பார். ஓடுகிற கயிற்றுக்குக் குரல் கொடுக்க ஆள் உண்டு. கட்டிப்போட்ட கயிற்றுக்கு ஆள் கிடையாது. அது தனியாக ராத்திரி பூராவும் நிற்கிறது.

பந்தலின் பின்பக்கம் யார் போகிறார்கள்? முகப்பில் வருகிற விருந்தாளி போவதில்லை. கஞ்சி வார்ப்பை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு சமையல்காரர்கள் போகிறார்கள். கொதிக்கிற சாம்பார் வாளியோடு பதினாறு வயதுப் பையன் ஓடுகிறான், வாளிதான் அவன் கண்ணில் நிற்கும். கழிப்பறை தூரமாகவோ அசுத்தமாகவோ இருப்பதால் இருட்டு ஒதுக்கிடம் தேடிப் பெண்கள் போகிறார்கள். வெளிச்சம் வேண்டாம் என்றே போகிறார்கள். அவர்களுக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்கும் யோகமும் இல்லை. கயிறு வாங்கும் காவுகளில் பெரும்பகுதி வேலைக்காரர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான். விழாக்குழுவின் கூட்டங்களில் இவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. பின்பக்கம் இத்தனை காலம் பேச்சுக்கே வராமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு அடையாளம் வைத்தாலும், வழியில் இல்லாத கயிறே நல்ல கயிறு. பத்தடி உயரக் காலிலிருந்து 45 பாகையில் இழுத்தால் முளை பத்தடி தள்ளிப் போகும். அந்தக் கயிறு காலிலிருந்து ஐந்தடி தூரத்தில் ஐந்தடி உயரத்தில் இருக்கும், பெரியவர்களின் கழுத்துக்கு நேராக. காலுக்கும் முளைக்கும் நடுவில் குறுக்கே ஓடி வருகிறவரை அது எங்கே பிடிக்கும் என்று சொல்ல வேண்டாம். 60 பாகைக்கு நிமிர்த்தினால் முளை ஆறடிக்குள் வந்துவிடும். ஆனால் கயிற்றின் இழுவை கூடும், 45 பாகையில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதற்குத் தக்கபடி கயிறு கனமாகவும் முளை ஆழமாகவும் வேண்டும். இந்தக் கணக்கைப் பந்தல்காரர் கை அறியும். அவரிடம் “இடமில்லை, தள்ளிக் கட்டாதீர்கள்” என்று சொல்ல வேண்டியது விழா நடத்துகிறவர்கள். முளையே இல்லாமல் கால்களின் அடியில் மணல் நிரப்பிய டிரம்மோ தண்ணீர்த் தொட்டியோ வைத்து நிறுத்தலாம். காலுக்குக் கால் குறுக்குக் குழாய் கொடுத்துச் சட்டத்தையே விறைப்பாக்கலாம். வாடகை கொஞ்சம் கூடும். கச்சேரிக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகிற செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

பேரிடர் முகாம்களுக்கு உலகம் முழுவதும் கையாளப்படும் ஸ்ஃபியர் கையேடு, ஒரு கூடாரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது. தீப் பரவாமல் இருக்க வைத்த கணக்கு அது. இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கயிறு நீண்டால் அந்த இடைவெளியில் நடக்க ஒன்றும் மிஞ்சாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். தங்குவதற்கு ஒரு கூரை என்பதோடு நம் யோசனை நின்றுவிடக் கூடாது, கூரைக்கும் கூரைக்கும் நடுவில் ஓடித் தப்பிக்க ஒரு வழியும் சேர்த்துத்தான் முகாம் என்பதை இந்தக் கரை அறியும். கொட்டில்பாட்டில் அலைக்குத் தப்பி ஓடியவர்களில் பலரை வழிமறித்தது ஏ.வி.எம். கால்வாய். கயிற்றைக் கால்வாயோடு ஒப்பிடவில்லை. ஓடுகிற நேரத்தில் குறுக்கே எது கிடந்தாலும் அது பெரிதாகிவிடும் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக, பந்தல் பிரிக்கிற நாளைப் பற்றி. கொடை முடிந்த மறுநாள் எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள். அடுத்த ஊர் வேலைக்கு லாரி காத்துக்கொண்டு நிற்கும். தார்ப்பாய் போகும், குழாய் போகும், கயிற்றை முடிச்சவிழ்க்கப் பொறுமையில்லாமல் அறுத்துக்கொண்டு போவார்கள். ஆழமாக இறங்கிய முளை அசையாது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், அல்லது தரை மட்டத்துக்கு அடித்து இறக்கிவிடுவார்கள். ஒரு மழையில் மண் கரைந்து அது தலை காட்டும், ஒரு முழம் நைலான் வாலோடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்து விளையாடுகிற பையன்தான் அதைக் கண்டுபிடிப்பான். பந்தல்காரருக்குக் கொடுக்கும் பாக்கிப் பணத்தை முளை எண்ணிப் பார்த்துக் கொடுத்தால் போதும். எத்தனை அறைந்தார்களோ அத்தனையும் லாரியில் ஏறியிருக்க வேண்டும். விழாக்குழுவில் கணக்கு எழுதுகிறவர் முதல்நாள் சாயங்காலம் பந்தலை ஒருமுறை சுற்றி வந்து, வெள்ளை இல்லாத கயிறு எது, கதம்பை இல்லாத முளை எது என்று பார்த்தபடியே அந்த எண்ணிக்கையையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.